மாமா மேல் போர்த்திய கொடி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தேசியக் கொடி ஏற்றியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஏற்றச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏற்றிய அன்று யாரும் பாராட்டவும் இல்லை, விவரம் தெரியாமல் கைதட்டிய ஒரு சிறப்பு விருந்தினரைத் தவிர.

இப்போது ரெட்டியார்பாளையத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஆகஸ்ட் வந்தால் வீட்டுக்கு ஒரு கொடியைக் கொடுத்துப் பால்கனியில் கட்டச் சொல்கிறார்கள். என் மகள் கட்டுகிறாள். காவி மேலே இருக்கிறதா, பச்சை கீழே இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. நான் வளர்ந்த முத்தியால்பேட்டைத் தெருவில் கொடி கட்டுவது அவ்வளவு சுலபமான காரியமாக இருந்ததில்லை.

அந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்குத் தியாகி வீடு என்று பெயர். தியாகி என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் போய்விட்டார். மில் தொழிலாளி. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் எங்கள் ஊரை பிரெஞ்சுக்காரன்தான் ஆண்டுகொண்டிருந்தான். எங்கள் தெருவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம், அது இந்திய எல்லைக்குள். அங்கே மூவர்ணக் கொடி ஏற்றினால் மிட்டாய் கொடுப்பார்கள். அதே கொடியை இந்தப் பக்கம் ஏற்றினால் போலீஸ் வரும். தாத்தா கோட்டக்குப்பத்தில் ஒரு கொடியை வாங்கி, வேட்டிக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி வந்து, மில் கேட்டின் மேல் ஏறிக் கட்டிவிட்டார். அது ராட்டை போட்ட பழைய கொடி இல்லை, நடுவில் சக்கரம் போட்ட புதுக் கொடி என்று இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா அழுத்திச் சொல்வார். தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், கொடி கட்டிய கையை மேசை மேல் வைக்கச் சொல்லித் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அந்தக் கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அதனால் வருடா வருடம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் தாத்தாவின் படத்தை எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய், தெருமுனையில் கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு நாற்காலியில் வைத்து மாலை போடுவார்கள். அப்பா தோளில் துண்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அன்று ஒரு நாள் எங்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி அத்தை வீடு. அப்பாவுக்கு அக்கா, வயதில் ரொம்ப மூத்தவள். அவள் கட்டிக்கொண்டது ஒரு சொல்தாவை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த எங்கள் ஊர்க்காரர்களைச் சொல்தா என்றுதான் சொல்வோம். மாமா மீசை சரியாக முளைக்காத வயதில் கப்பல் ஏறி, இந்தோசீனாவில் சண்டை போட்டு, அல்ஜீரியாவில் சண்டை போட்டு, முழங்காலுக்குள் ஒரு இரும்புத் துணுக்கோடு முத்தியால்பேட்டைக்கே திரும்பி வந்தவர். நடுவில் ஒரு முறை லீவில் வந்திருந்தபோது அத்தையைப் பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போனது. அத்தைக்கும் பிடித்துப்போனது. தாத்தா முடியாது என்றார். அத்தை கட்டிக்கொண்டாள். அந்தக் கொடிக்கு சல்யூட் அடிக்கிறவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று தாத்தா சொன்னாராம். நாலு வீடு தள்ளி இருந்தும் சாகிறவரை மிதிக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும் போர்களைப் போலத்தான். நான் அறிந்த மாமா ஒல்லியாக, ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து நடக்கிற, கொய்யாப்பழத்துக்கு உப்பு மிளகாய் தொட்டுத் தருகிற ஒரு மனிதர். பிள்ளை இல்லாத வீடு என்பதால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். ஜூலை பதின்மூன்றாம் தேதி பொழுது சாய்ந்ததும் என்னைக் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போவார். காகிதக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி எரியும் விளக்கைக் குச்சியில் மாட்டி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடப்போம். மறுநாள் பிரான்சின் தேசிய நாள். மாமா கோட்டு மாட்டி, மார்பில் மெடல்களைக் குத்திக்கொண்டு ரிக்ஷாவில் ஏறிப் போர் நினைவிடத்துக்குப் போவார். அத்தை போனதே இல்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கொடியைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். காவி தியாகம், வெள்ளை சமாதானம், பச்சை செழிப்பு, சக்கரம் தர்மம் என்று நான் அதை மாமாவிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றார். உங்கள் கொடிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் அதைக் கொடி என்று சொல்லமாட்டார், த்ராப்போ என்பார். நீலமும் சிவப்பும் பாரீஸ் ஊர்க்காரர்களுடைய நிறம், நடுவில் இருக்கிற வெள்ளை ராஜாவுடைய நிறம் என்றார்.

“அப்புறம் ராஜா தலைய வெட்டிட்டாங்க. வெள்ளைய மட்டும் வச்சுக்கிட்டாங்க” என்றார்.

ஏன் வெள்ளையை எடுக்கவில்லை என்று கேட்டேன். எடுத்துவிட்டால் ரெண்டு வர்ணம்தானே இருக்கும், நன்றாக இருக்காது என்று அவர் சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். உள்ளே இருந்து அத்தை, பிள்ளையிடம் என்ன பேச்சு என்று சத்தம் போட்டாள். மாமா உடனே வாயை மூடிக்கொண்டார். அவர் இரண்டு போரில் சண்டை போட்டவர் என்பதை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுதந்திரப் பொன்விழா வந்த வருடம் எங்கள் தெரு ஒரு புது இரும்புக் கம்பம் நட்டது. பழைய சவுக்குக் கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிமெண்டு மேடை கட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தினார்கள். விழாக் கமிட்டித் தலைவர் மாவு மில் வைத்திருந்தவர். ஒரு சிறப்பு விருந்தினரைப் பிடித்துவிட்டார். தியாகியின் மகன் என்பதால் கொடி ஏற்றும்போது விருந்தினருக்குக் கயிற்றை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. கொடி அவிழ்ந்ததும் மைக்கில் தேசிய கீதம் பாடும் பொறுப்பு எனக்கு. ஒரு மாதமாகப் பாடிப் பாடி அம்மாவின் பொறுமையைத் தீர்த்துவிட்டேன். கயிற்றை எப்படி இழுக்க வேண்டும், எந்தப் பக்கக் கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழும் என்பதெல்லாம் அப்பா வீட்டில் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டைக் கட்டிக் காட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் மாமா இறந்துவிட்டார்.

சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஐஸ் பெட்டி வந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மாமாவோடு ராணுவத்தில் இருந்த கிழவர்கள் நாலைந்து பேர் வந்து தலைமாட்டில் நின்றுவிட்டு, அத்தையிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிவிட்டுப் போனார்கள். அது என்ன என்று அரைமணி நேரத்தில் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. காலையில் மாமாவை எடுக்கும்போது மேலே பிரெஞ்சுக் கொடி போர்த்தப் போகிறார்கள். தன்னை அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று மாமா அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மாவு மில்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் நெடுநேரம் பேசினார். சாவை யாரும் குறை சொல்ல முடியாது, எடுத்துக்கொண்டு போகட்டும், கூடவே நாங்களும் தோள் கொடுக்கிறோம், ஆனால் ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு, பொன்விழா அன்றைக்கு, தியாகி படத்துக்கு முன்னால் அந்தக் கொடியைக் கொண்டுபோனால் தெரு தாங்குமா என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று காலை முதல் போட்டுக்கொண்டிருந்த தேசபக்திப் பாட்டுகளைச் சாவு விழுந்ததும் நிறுத்தச் சொன்னவரே அவர்தான்.

அப்பா அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அத்தையை ஓரமாகக் கூப்பிட்டார். அவள் எழுந்து வரவில்லை, அங்கேயே சொல் என்றாள்.

“அக்கா, நாளைக்கு ஒரு நாளு. அந்தத் துணி இல்லாம எடுத்துடலாம். அப்புறம் அவங்க சங்கத்துல என்ன மரியாதை வேணும்னாலும் பண்ணிக்கட்டும்” என்றார் அப்பா.

“நீ போய்க் கொடி ஏத்து. நான் வேணாங்கல” என்றாள் அத்தை. “இவரு எப்படிப் போவணும்னு நீ சொல்லாத.”

“தெருவுல தகராறு ஆவும்க்கா.”

“ஆவட்டும்.”

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வருகிற வழியில், நாளைக்கு என் பாட்டு உண்டா இல்லையா என்று கேட்க நினைத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும். அதற்குள் மாமாவை எடுத்தாக வேண்டும். கொடியேற்றம் எட்டு மணிக்கு. எட்டுக்கு ஏற்றி ஒன்பதுக்குள் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் இரண்டும் மோதாது என்று அப்பாவும் மாவு மில்காரரும் ராத்திரியே கணக்குப் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினரை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. எட்டாகி, ஒன்பதாகி, பத்தும் ஆகிவிட்டது. அவர் வேறு இரண்டு தெருக்களில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார். வந்துவிடுவார், வந்துகொண்டே இருக்கிறார் என்று ஆள் மாற்றி ஆள் வந்து சொன்னார்கள். நான் வெள்ளைப் பாவாடை சட்டையில் மைக்குக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் கடுத்துப்போனேன். மேலே கம்பத்தின் உச்சியில், உள்ளே பூ வைத்துச் சுருட்டிக் கட்டிய கொடி ஒரு பொட்டலம் மாதிரி தொங்கியது. அப்பா கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி தெருவுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை வீட்டு வாசலில் பறை அடிக்க ஆரம்பித்தார்கள்.

பாடையை வாசலில் வைத்து மாமாவைப் படுக்க வைத்ததும், சொல்தாக் கிழவர்கள் பையிலிருந்து அந்தக் கொடியை எடுத்து விரித்துப் போர்த்தினார்கள். நீலம், வெள்ளை, சிவப்பு. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கோட்டும் மெடலுமாக அவர்கள் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். மாமாவின் தம்பி மகன் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பாடை நகர்ந்தது.

எங்கள் பக்கத்தில் சலசலப்பு. யாரோ ஒருவர் தாத்தாவின் படம் இருந்த நாற்காலியைத் தூக்கி வந்து தெருவின் நடுவில் வைத்தார். இனி அதைத் தாண்டிப் போக எவனுக்குத் தைரியம் வரும் பார்க்கலாம் என்பது போல இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் அதற்குப் பின்னால் கைகோத்து நின்றார்கள். பறைச் சத்தம் நின்றது. பாடையும் நின்றது.

மாவு மில்காரர் முன்னால் போனார். துணியை எடுத்துவிட்டால் இந்த நிமிடமே வழிவிட்டு, நாங்களே தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார். சொல்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடை தூக்கியிருந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருப் பையன்கள். அவர்கள் மெதுவாகப் பாடையைத் தரையில் இறக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய் நின்றார்கள்.

அப்போதுதான் பின்னால் பெண்கள் கூட்டத்திலிருந்து அத்தை வந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனைவரைதான் போவார்கள், அதற்கு மேல் ஆண்கள்தான். அவள் ஆண்களைத் தாண்டி, கொள்ளிச் சட்டியைத் தாண்டி, நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. நெற்றியில் பெரிய பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. அவள் அழவில்லை.

மாவு மில்காரர் குரலைத் தணித்து, தாத்தாவின் படத்தைக் காட்டினார்.

“அக்கா, இவரு கைய ஒடிச்ச கொடி அது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் அத்தை. “அந்தக் கையால சாப்பிட முடியாம ஒரு வருஷம் உக்காந்திருந்தாரு. பிசைஞ்சு ஊட்டுனது நான். நீங்க யாரும் ஊட்டல.”

அவள் திரும்பி இளைஞர்களைப் பார்த்தாள்.

“எங்கப்பா இந்த ஊருல கொடி ஏத்துனப்ப, இங்க ஏத்தக் கூடாதுன்னு நாலு பேரு வழிய மறிச்சிட்டு நின்னாங்க. இன்னிக்கு நீங்க நிக்கிறீங்க. இது ஒரு மனுசன் கடைசியா கேட்டது. நான் சரின்னு சொல்லிட்டேன். வழிவிடுங்க.”

வழிவிடவில்லை. கோபக்காரர் என்று பெயரெடுத்த, சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று சொல்லி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாடையை நோக்கி நடந்தார். சொல்தாக்களில் ஒருவர் குறுக்கே வந்தார். கடைக்காரர் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினார். கிழவர் தடுமாறிப் பின்னால் போனார். மெடல்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அத்தை ஓடிப்போய்ப் பாடைக்கு முன்னால் நின்றுகொண்டாள். கடைக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து கொடியின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். அப்பா கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு அங்கே ஓடினார். எல்லோரும் ஓடினார்கள்.

மேடையில் நான் மட்டும் இருந்தேன். கயிறு என் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். புத்திசாலிப் பிள்ளை என்று சிலர் சொன்னார்கள். உண்மையில் எனக்கு வந்தது கோபம். அந்த ஆள் மாமாவின் மேல் இருந்த துணியைப் பிடித்து இழுக்கிறார். தூங்குகிறவர் போர்வையை இழுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அது போதாதென்று, ஒரு மாதமாகப் பழகிய பாட்டும் நடக்காமல் போகப் போகிறது. எந்தக் கோபம் பெரியது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கயிற்றைப் பிடித்து, அப்பா காட்டிக்கொடுத்த மாதிரி பலமாகச் சுண்டினேன்.

அவிழவில்லை. இன்னொரு தடவை, உடம்பு முழுக்கத் தொங்கிச் சுண்டினேன். மேலே ஏதோ விட்டது. கொடி விரிந்துகொண்டது. செவ்வந்தியும் ரோஜாவும் கலந்து தலைமேல் கொட்டின. கொடி விரிந்தால் பாட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

தெரு முழுக்க என் குரல் கேட்டது. எடுத்த சுருதி ரொம்ப உச்சம் என்று முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் மாற்ற முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். நடுவில் லேசாகத் திறந்து பார்த்தபோது, யாரும் அசையவில்லை. சைக்கிள் கடைக்காரர் இரண்டு கையும் தொடையோடு ஒட்ட, கொடிக்கம்பத்தைப் பார்த்து விறைத்து நின்றுகொண்டிருந்தார். பிடித்திருந்த துணியை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. மாவு மில்காரர் நின்றார். கைகோத்திருந்த பையன்கள் கையைப் பிரித்துக்கொண்டு நின்றார்கள். சொல்தாக் கிழவர்கள் குதிகால்களைச் சேர்த்து, நெற்றியில் கை வைத்து எங்கள் கொடிக்கு சல்யூட் அடித்தபடி நின்றார்கள். தள்ளப்பட்டவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவரும் கையை இறக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் நடுவில் மாமா படுத்திருந்தார். அத்தை மட்டும் கொடியைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து, இழுபட்ட முனையை மாமாவின் காலுக்கு மேல் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. நான் கடைசி வார்த்தையைச் சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வது கஷ்டமாகிவிட்டது போல.

அத்தை பாடைக்கு முன்பக்கம் போய், மூங்கிலின் முனையைப் பிடித்துத் தோளுக்குத் தூக்கப் பார்த்தாள். சேலை தடுக்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஐயோ என்றார்கள். அப்பா போய் அவள் கையிலிருந்து மூங்கிலை வாங்கினார். தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்து, அதன் மேல் மூங்கிலை ஏற்றிக்கொண்டார். தியாகி மகன் தோள் கொடுத்ததும், ஒதுங்கிப் போன பையன்களில் ஒருவன் வந்தான். கொஞ்சம் தயங்கி மற்றவனும் வந்தான்.

நடுத்தெருவில் இருந்த நாற்காலியை அத்தையே தாத்தாவின் படத்தோடும் மாலையோடும் தூக்கி ஓரமாக வைத்தாள். பறை மறுபடி அடித்தது. கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போகிற திருப்பத்தில் மாமா எங்கள் கொடிக்குக் கீழே போனபோது, முடிச்சில் சிக்கியிருந்த மிச்சப் பூ விழும் என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அப்போது விழவில்லை. அவர் போய் வெகு நேரத்துக்குப் பிறகு, பெண்கள் திரும்புகிற சமயத்தில், காற்று அடித்துக் கொஞ்சம் உதிர்ந்தது. அத்தையின் தலையில் விழுந்ததை அவள் எரிச்சலோடு தட்டிவிட்டாள்.

சிறப்பு விருந்தினர் பதினொரு மணிக்கு வந்தார். கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார். மாவு மில்காரர் அவருக்கு என்ன விளக்கம் சொன்னாரோ தெரியாது. யார் ஏற்றியது என்று கேட்டதற்கு என்னைக் காட்டினார்கள். அவர் கைதட்டினார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் எதிர்கால இந்தியாவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்.

மத்தியானத்துக்கு மேல், சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பினார்கள். அத்தை வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அம்மா எங்கள் வீட்டிலிருந்து காப்பி போட்டு ஒரு பெரிய தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனாள். டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அப்போது அந்த சொல்தாக் கிழவர்கள் மூன்று பேர் வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர், தள்ளப்பட்டாரே, அவர். எரிப்பதற்கு முன்னால் எடுத்துவிட்ட அந்தக் கொடியைச் சதுரமாக மடித்து இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வீட்டுக்காரம்மாவிடம் கொடுப்பது முறை என்றார். மதாம் என்றுதான் அத்தையை மரியாதையாகக் கூப்பிட்டார். இனி இது உங்கள் வீட்டில் இருக்க வேண்டியது என்று சொல்லி, வாசற்படியில் கால் வைத்தார்.

அத்தை எழுந்து வந்து நிலைக்கு அருகே நின்றாள்.

“நீங்க எல்லாரும் உள்ள வாங்க. உக்காந்து காப்பி சாப்பிடுங்க” என்றாள். “அது உள்ள வர வேணாம்.”

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. காலையில் எந்தத் துணிக்காகத் தெருவையே எதிர்த்து நின்றாளோ, அதே துணியைத்தான் சொல்கிறாளா என்று அவர் கையிலிருந்ததை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அத்தை மறுபடியும் அதையே சொன்னாள், கோபமில்லாமல், உள்ளே வாருங்கள் என்கிற உபசாரத்தோடு. கடைசியில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வாசலில் நிற்க, மற்ற இரண்டு பேர் உள்ளே வந்து காப்பி குடித்தார்கள். குடித்தவர்களில் ஒருவர் போய்க் கொடியை வாங்கிக்கொண்டு நிற்க, வெளியே நின்றவர் உள்ளே வந்து குடித்தார். பிறகு அதைத் தங்கள் சங்கத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அத்தை வாங்கிவைத்தால் நான் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் காட்டலாம், அந்த ராஜா கதையைச் சொல்லலாம். அம்மாவிடம் போய், அத்தை ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டேன். அம்மா டம்ளர்களை அடுக்கிக்கொண்டே ரகசியம் போலச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கொடி அத்தை வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லையாம். ஜூலை பதினான்காம் தேதி மாமா கடற்கரையிலிருந்து திரும்பும்போது கையில் காகிதக் கொடி இருந்தால்கூட, ரிக்ஷாக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம். அந்த நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துப் பார்த்தாலே அத்தைக்கு ஆகாதாம். இன்று காலையில்கூட வாசலில் வைத்துத்தான் போர்த்த விட்டாள், கவனிக்கவில்லையா என்றாள் அம்மா.

நான் கவனிக்கவில்லை. எனக்கு இன்னும் குழப்பம் அதிகமாகிவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்தால் அடக்கி வைத்துக்கொள்ளத் தெரியாது. உள்ளே போனேன். கூட்டம் குறைந்திருந்தது. அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் தலையில் இன்னும் ஒட்டியிருந்த ஒரு செவ்வந்தி இதழை அவள் எடுத்துப் போட்டாள்.

“அத்தை, உங்களுக்குத்தான் அந்தக் கொடியப் புடிக்காதாமே. அப்புறம் எதுக்குக் காலையில அவ்வளவு சண்டை போட்டீங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. யோசிக்கிற மாதிரியும் தெரியவில்லை.

“கொடி அவரோடது” என்றாள். “சண்டை என்னோடது.”

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர்களுக்குக் களைப்பாக இருந்தால் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல்தான் எதையாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று எழுந்து போனேன்.